மூலநிரலிலிருந்து இசட்-ஸ்ராண்டட்: நடுத்தரக் கணினியில் கட்டி நிறுவுவது எப்படி

யாழ்ப்பாணத்தில் ஒரு வீட்டு மேசையில் இருக்கக்கூடிய கணினியை மனதில் வைத்தே இதை எழுதுகிறோம்: ஐ3 அல்லது ஐ5, 4 ஜி.பி. ரம், உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளம், இன்ரநெற்றுக்குக் கைபேசி டேட்டா. இசட்-ஸ்ராண்டட் என்பது கோப்புகளைச் சுருக்கும் லைப்ரரி, அதாவது மற்ற நிரல்களும் எடுத்துப் பாவிக்கும் நிரல்தொகுதி. அதை மூலநிரலிலிருந்து கட்ட, அதாவது மனிதர் எழுதிய நிரலைக் கணினி ஓட்டக்கூடியதாக மாற்ற, இது தாராளம். மூலநிரல் மூன்று எம்.பி.யும் இல்லை. கட்டும் வேலைக்கு 200 எம்.பி. இடம் விட்டால் போதும். கருவிகளுக்கு இன்னும் சில நூறு எம்.பி.

முதலில் ஒரு கேள்வி. உங்களுக்கு இது உண்மையிலேயே வேண்டுமா? கோப்புகளைச் சுருக்கி வைப்பது மட்டும்தான் நோக்கம் என்றால், உபுண்டுவின் களஞ்சியத்தில் ஆயத்தமாக இருப்பதை எடுத்துப் போட்டுவிட்டு இத்தோடு நிறுத்தலாம். உபுண்டு 24.04 இல் 1.5.5 கிடைக்கும், அது நல்லது. 22.04 இல் கிடைப்பது 1.4.8. அங்கேதான் கட்டுவதில் அர்த்தம் இருக்கிறது. 1.5.0 இல் நடுத்தரச் சுருக்க மட்டங்களின் வேகம் கூடியது, லைப்ரரியே பல இழைகளில், அதாவது வேலையைப் பிரித்து ஒரே நேரத்தில், வேலை செய்யும்படி வந்தது. நீங்கள் எழுதும் அல்லது கட்டும் வேறொரு நிரல் புதிய பதிப்பைக் கேட்பதும் ஒரு காரணம். நாம் எடுக்கப்போவது 2025 இல் வந்த 1.5.7.

கட்டளைகளைத் தொலைபேசியில் ஒருவருக்குச் சொல்வதுபோலத் தமிழ் எழுத்தில் தருகிறோம். ரெர்மினல் என்ற கட்டளைத் திரையில் தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள். பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் சொல்வோம். எழுத்துக்கூட்டல் எங்கள் ஊர் வழக்கு: 'ரி' என்றால் ஆங்கில வரிசையில் இருபதாவது எழுத்து, 'டி' என்றால் நான்காவது. இந்தக் கட்டளையின் பெயரே இசட், எஸ், ரி, டி என்ற நாலு எழுத்துத்தான். கடைசி இரண்டையும் மாறித் தட்டினால் 'கொமாண்ட் நொட் பவுண்ட்' என்று வரும்.

கணினியோடு வந்த பிரதியைத் தொடாதீர்கள்

புதியவர்கள் விடுகிற பெரிய பிழை இதுதான், ஆகவே கட்டத் தொடங்க முதலே சொல்லிவிடுகிறோம். 21.10 பதிப்பிலிருந்து உபுண்டுவின் மென்பொருள் பொதிகளே இசட்-ஸ்ராண்டட்டால் சுருக்கப்பட்டு வருகின்றன. அவற்றைப் பிரித்து நிறுவுகிற டிபிகேஜி, அப்ற் ஆகிய கருவிகளும் இந்த லைப்ரரியைத்தான் நம்பி இருக்கின்றன. பழையதை அழித்துவிட்டுப் புதியதை வைப்போம் என்று தொடங்கி, அது பிழைத்துப்போனால், திருத்துவதற்கு வேண்டிய அப்ற்றும் சேர்ந்தே படுத்துவிடும். கிணற்றுக்குள் இறங்கியபின் கயிற்றை அறுத்த கதை.

பல வழிகாட்டிகள் 'சூடோ மேக் இன்ஸ்ரோல்' என்று ஒரு வரியில் முடித்துவிடும். சூடோ என்றால் நிர்வாகி உரிமையோடு செய் என்பது; மேக் என்பது கட்டும் வேலையை நடத்தும் கருவி. அது /யூஎஸ்ஆர்/லோக்கல் போல்டருக்குள் போடும். பழையது அழியாது, உண்மை. ஆனால் லைப்ரரி தேடும்போது உபுண்டு முதலில் பார்ப்பது அந்த லோக்கல் போல்டரைத்தான். ஆகவே நீங்கள் போட்ட பிரதியை அப்ற் உட்பட எல்லா நிரலும் எடுத்துப் பாவிக்கத் தொடங்கும். அது நல்லபடி கட்டுப்பட்டிருந்தால் தொல்லை இல்லை. ஆனால் முதன்முதலாகக் கட்டுபவர் அந்த 'இருந்தால்' மேல் முழுக் கணினியையும் வைக்கத் தேவையில்லை. உங்கள் சொந்த ஹோம் போல்டருக்குள் நிறுவினால் என்ன பிழை வந்தாலும் அது உங்களோடு நிற்கும். சூடோவும் வேண்டாம். இந்தக் கட்டுரை அந்த வழியில்தான் போகிறது.

தொடங்க முதல்

கணினியின் மணிக்கூட்டைப் பாருங்கள். சிரிக்க வேண்டாம். பழைய டெஸ்க்ரொப்புகளில் மதர்போர்ட்டில் இருக்கும் சிஆர்2032 நாணயப் பற்றறி செத்திருக்கும். கரண்ட் போய் வந்ததும் திகதி பல வருடம் பின்னுக்குப் போய்விடும். அப்போது முதலில் இணையத்தளங்களின் சான்றிதழ் செல்லாது என்று உலாவி முறையிடும், பிறகு அப்ற் களஞ்சியக் கோப்பு 'இன்னும் செல்லுபடியாகவில்லை' என்று நிற்கும். இரண்டையும் எப்படியோ தாண்டி வந்தாலும் மேக் 'க்ளொக் ஸ்கியூ டிரெக்டட்' என்று எச்சரிக்கும். மேக் எந்தக் கோப்பை மறுபடி கட்டுவது என்று தீர்மானிப்பது கோப்புகளின் நேரத்தைப் பார்த்துத்தான். மூலநிரல் 'எதிர்காலத்தில்' எழுதப்பட்டதாகத் தெரிந்தால் அதன் கணக்குக் குழம்பிவிடும். பற்றறியை மாற்றுங்கள். அதுவரை கையால் திகதியைச் சரிசெய்துகொண்டு தொடங்கலாம்.

அடுத்தது, எங்கே வைத்துக் கட்டுவது. பென்ரைவில் வைத்துக் கட்டாதீர்கள். சாதாரணப் பென்ரைவ் ஃபாற்32 அல்லது எக்ஸ்ஃபாற் முறையில் இருக்கும். அதில் குறியீட்டு இணைப்பை, அதாவது வேறொரு கோப்பைச் சுட்டும் பெயரை, உருவாக்க முடியாது. லைப்ரரி கட்டி முடிகிற நேரத்தில் அப்படி இரண்டு இணைப்புகளை உருவாக்கவேண்டி வரும். அப்போது 'ஒப்பரேஷன் நொட் பெர்மிற்றட்' என்று வேலை நின்றுவிடும். விண்டோஸோடு பகிரும் டிரைவிலும் இதுபோன்ற சிக்கல்கள் உண்டு. ஹோம் போல்டருக்குள் ஒரு புதிய போல்டர் செய்யுங்கள். பெயரில் இடைவெளி வேண்டாம். மேக்குக்கு இடைவெளி என்றால் ஒரு பெயர் முடிந்து அடுத்த பெயர் தொடங்குகிறது என்று அர்த்தம்.

கருவிகள்:

சூடோ அப்ற் அப்டேற்
சூடோ அப்ற் இன்ஸ்ரோல் பில்ட்-எசென்ஷல்

இதில் ஜிசிசி என்ற சி மொழித் தொகுப்பி, மேக், அடிப்படைத் தலைப்புக் கோப்புகள் எல்லாம் வரும். முழு வேலையிலும் டேட்டாவைத் தின்னும் படி இதுதான். இரவு டேட்டா மிஞ்சிக் கிடந்தால் நள்ளிரவுக்குப் பிறகு இதை ஓடவிடுங்கள். மற்றதெல்லாம் பகலில் செய்யலாம், கட்டும் வேலைக்கு இன்ரநெற் தேவையே இல்லை.

தரவிறக்கமும் சரிபார்ப்பும்

யான் கொலே என்பவர் எழுதத் தொடங்கி, 2016 ஓகஸ்ற்றில் 1.0 பதிப்பாக ஃபேஸ்புக் வெளியிட்ட திட்டம் இது. மூலநிரல் கிற்ஹப்பில் ஃபேஸ்புக் கணக்கின் கீழ் இருக்கிறது. 'ரிலீஸஸ்' பக்கத்தில் 1.5.7 ஐத் திறந்தால் கீழே பல கோப்புகள் தெரியும். வேண்டியது பதிப்பெண்ணுக்குப் பின் .ரார்.ஜிஇசட் என்று முடியும் கோப்பும், அதே பெயரோடு .ஷா256 சேர்ந்த, சரிபார்ப்பு எண் உள்ள சிறிய கோப்பும். .ரார்.இசட்எஸ்ரி என்று முடியும் ஒன்றும் அங்கே கிடக்கும். அதைப் பிரிக்க இசட்-ஸ்ராண்டட் ஏற்கெனவே வேண்டும்; பெட்டிக்குள் சாவியை வைத்துப் பூட்டிய மாதிரி. 'சோர்ஸ் கோட்' என்று பெயர் போட்ட இரண்டையும் எடுக்காதீர்கள். அவை கிற்ஹப் தானாகச் செய்து தருபவை, சரிபார்ப்பு எண் அவற்றோடு ஒத்துவராது.

இரண்டு கோப்பும் ஒரே போல்டரில் இருக்க:

ஷா256சம் -சி இசட்எஸ்ரிடி-1.5.7.ரார்.ஜிஇசட்.ஷா256

கோப்பின் பெயருக்குப் பக்கத்தில் 'ஓகே' என்று வரவேண்டும். வராவிட்டால் அநேகமாகக் கைபேசி இணைப்பு இடையில் அறுந்து கோப்பு அரைகுறையாக வந்திருக்கும். டபிள்யூகெற் கட்டளையை -சி என்ற விருப்பத்தோடு பாவித்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். சரிபார்க்காமல் பிரித்துப் பார்ப்பவர்களுக்கு 'அன்எக்ஸ்பெக்ரட் என்ட் ஒஃப் ஃபைல்' என்ற வரிதான் இதைச் சொல்லும்.

இந்த எண் எதற்குக் காவல் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 2024 மார்ச் 29 அன்று எக்ஸ்இசட் என்ற வேறொரு சுருக்க லைப்ரரியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு ஒன்று வைக்கப்பட்டிருந்தது வெளிவந்தது. எஸ்எஸ்ஹெச் வழியாகத் தொலைவிலுள்ள கணினிக்குள் நுழைவது அரைச் செக்கன் அளவு தாமதமாவதைக் கவனித்து அன்ட்ரெஸ் ஃப்ரொய்ன்ட் என்ற பொறியியலாளர் அதைக் கண்டுபிடித்தார். அந்தக் களவை ஓடவைக்கும் வரிகள் பொதுவில் தெரியும் களஞ்சியத்தில் இல்லை, வெளியிடப்பட்ட ரார் கோப்புக்குள் மட்டும் இருந்தன. சரிபார்ப்பு எண் அங்கேயும் 'ஓகே' என்றுதான் சொல்லியிருக்கும். வழியில் கோப்புக் கெட்டதா என்பதை மட்டுமே எண் சொல்லும்; தந்தவர் நல்லவரா என்று சொல்லாது. ஆகவே மூன்றாந்தரப்புத் தளங்களில் 'வேகமான தரவிறக்கம்' என்று கிடப்பவற்றைத் தொடாதீர்கள்.

கட்டுதல்

ரார் எக்ஸ்எஃப் இசட்எஸ்ரிடி-1.5.7.ரார்.ஜிஇசட்
சிடி இசட்எஸ்ரிடி-1.5.7
மேக் -ஜே2

இவ்வளவுதான். மற்றப் பல திட்டங்களில் வருகிற 'கன்ஃபிகர்' படி இங்கே இல்லை. அதைத் தேடி 'நோ சச் ஃபைல்' என்று பார்த்துத் திகைக்க வேண்டாம். '-ஜே2' என்றால் இரண்டு வேலையை ஒரே நேரத்தில் செய் என்பது. நாலு கோர் இருந்தால் 4 போடலாம். ரம் 2 ஜி.பி. மட்டும் என்றால், உலாவியை மூடிவிட்டு, '-ஜே' இல்லாமல் வெறும் மேக். நினைவகம் போதாவிட்டால் கேர்னல் ஜிசிசியை இடையில் கொன்றுவிடும், 'கில்ட்' என்ற சொல்லோடு ஒரு வரி வரும். நிரலில் பிழை இல்லை, இடம்தான் இல்லை.

தொடக்கத்தில் திரையில் இரட்டைச் சமன்குறியும் அம்புக்குறியுமாகச் சில வரிகள் ஓடும். பல இழை ஆதரவோடு கட்டுகிறேன் என்று ஒன்று. இசட்லிப் இல்லை, ஆகவே .ஜிஇசட் ஆதரவு இல்லாமல் கட்டுகிறேன் என்று இன்னொன்று வரலாம். எக்ஸ்இசட்டுக்கும் எல்இசட்4 இக்கும் அதே மாதிரி. இவை பிழைகள் அல்ல. கட்டளை அந்தப் பழைய வகைக் கோப்புகளையும் திறக்கவேண்டும் என்றால் மட்டும் இசட்லிப்1ஜி-டெவ், லிப்எல்இசட்எம்ஏ-டெவ், லிப்எல்இசட்4-டெவ் ஆகிய மூன்றையும் அப்ற்றால் போட்டு, 'மேக் க்ளீன்' அடித்து மறுபடி கட்டுங்கள்.

'நோ ரார்கெற்ஸ் ஸ்பெசிஃபைட் அன்ட் நோ மேக்ஃபைல் பவுண்ட்' என்று வந்தால் நீங்கள் நிற்பது பிழையான போல்டர். இரண்டாவது வரியை, அந்த சிடியை, தவற விட்டிருப்பீர்கள்.

இனி எங்கள் ஊர்ப் பிரச்சினை. யூபிஎஸ் இல்லாத டெஸ்க்ரொப்பில், கட்டிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய்விட்டது. வந்தபின் மறுபடி மேக் அடிக்கிறீர்கள். அது விட்ட இடத்திலிருந்து கிடுகிடுவென்று ஓடிப்போய், கடைசியில் இணைக்கும் கட்டத்தில் 'ஃபைல் ட்ரங்கேற்றட்' என்றோ, கோப்பின் வடிவம் தெரியவில்லை என்றோ சொல்லி விழுகிறது. நடந்தது இது: கரண்ட் போன கணத்தில் எழுதப்பட்டுக்கொண்டிருந்த .ஓ கோப்புகளுக்குப் பெயரும் நேரமும் பதிவாகிவிட்டன, உள்ளடக்கம் டிஸ்குக்குப் போய்ச் சேரவில்லை. 'எல்எஸ் -எல்' போட்டுப் பார்த்தால் சுழியம் பைற் என்று இருக்கும். மேக் நேரத்தை மட்டும் பார்த்து 'இது புதிதுதானே' என்று தாண்டிவிடுகிறது. நீங்களே கொன்ட்ரோல்-சி அடித்து நிறுத்தினால் மேக் பாதிக் கோப்பைத் துடைத்துவிட்டுத்தான் போகும். கரண்ட் போவதற்கு அந்த மரியாதை கிடையாது. மருந்து ஒன்றுதான்: 'மேக் க்ளீன்', பிறகு முதலிலிருந்து. நடுத்தரக் கணினியில் சில நிமிட வேலை, ஒவ்வொரு கோப்பாகத் தேடிப் பிடிப்பதைவிட இது சுகம்.

கட்டி முடிந்ததும்:

மேக் செக்

இது குறுகிய சோதனை. 'மேக் ரெஸ்ற்' என்று நீண்ட சோதனை ஒன்றும் உண்டு. சித்திரை, வைகாசி வெயிலில், உரும்பிராய், கோண்டாவில் பக்கத்துச் செம்மண் தூசி ஏறிய ஃபானோடு ஒரு பழைய லப்ரொப்பை அதில் விட்டால் சூடு ஏறித் தானாக வேகத்தைக் குறைக்கும், சிலது அணைந்தும் போகும். லைப்ரரியின் உள்ளே நீங்கள் கை வைக்கவில்லை என்றால் செக் போதும்.

நிறுவுதல்

மேக் பிரிஃபிக்ஸ்=$ஹோம்/.லோக்கல் இன்ஸ்ரோல்

இதில் பிரிஃபிக்ஸ், ஹோம் இரண்டும் பெரிய எழுத்து. சமன்குறியின் இரு பக்கமும் இடைவெளி கூடாது. லோக்கலுக்கு முன் உள்ள புள்ளியை விடக்கூடாது. சூடோ சேர்க்காதீர்கள், சேர்த்தால் உங்கள் ஹோமுக்குள் ரூற் என்ற நிர்வாகிக் கணக்குக்குச் சொந்தமான கோப்புகள் வந்து குந்திக்கொள்ளும், பிறகு உங்களால் அழிக்கவும் முடியாது.

கட்டளை .லோக்கலுக்குள் பின் போல்டருக்கும், லைப்ரரி லிப் போல்டருக்கும், தலைப்புக் கோப்பு இன்க்ளூட் போல்டருக்கும் போயிருக்கும். ஒருமுறை லொக் அவுட் செய்து உள்ளே வாருங்கள். .லோக்கல்/பின் என்ற போல்டர் இருந்தால் அதைத் தேடும் பாதையில் சேர்க்கும் வரி உபுண்டுவின் .புரொஃபைல் கோப்பில் ஏற்கெனவே இருக்கிறது, ஆனால் அது உள்நுழையும்போது மட்டுமே வாசிக்கப்படும். இப்போது:

இசட்எஸ்ரிடி -வி

இந்த 'வி' பெரிய எழுத்து. 1.5.7 என்று பதிப்பெண் வரவேண்டும். பழைய எண் வந்தால் 'விச் -ஏ இசட்எஸ்ரிடி' போட்டு எந்தெந்த இடத்தில் பிரதிகள் இருக்கின்றன, எது முதலில் நிற்கிறது என்று பாருங்கள்.

லைப்ரரியாகப் பாவிக்கும்போது

கட்டளை சரியாக வேலை செய்வதால் லைப்ரரியும் சரி என்று நினைத்துவிடாதீர்கள். இசட்எஸ்ரிடி.ஹெச் ஐச் சேர்த்து, இசட்எஸ்ரிடி_வெர்ஷன்நம்பர் என்ற செயற்கூறு திருப்பித் தரும் எண்ணை அச்சிடுகிற ஐந்து வரிச் சி நிரல் ஒன்றை எழுதுங்கள். அந்தச் செயற்கூற்றின் பெயரில் முதல் நாலு எழுத்தும், நம்பரின் என்னும் மட்டுமே பெரிய எழுத்து; வெர்ஷனின் வி சின்ன எழுத்து. ரெஸ்ற்.சி என்று சேமித்து:

ஜிசிசி ரெஸ்ற்.சி -ஐ$ஹோம்/.லோக்கல்/இன்க்ளூட் -எல்$ஹோம்/.லோக்கல்/லிப் -எல்இசட்எஸ்ரிடி

முதல் விருப்பம் பெரிய ஐ. இரண்டாவது பெரிய எல். மூன்றாவது சின்ன எல். ரெர்மினல் எழுத்துருவில் பெரிய ஐயும் சின்ன எல்லும் இரட்டைப்பிள்ளைகள் மாதிரி இருக்கும், வடிவாகப் பார்த்துத் தட்டுங்கள். நிரல் கோப்பின் பெயர் லைப்ரரிக்கு முன்னால் வரவேண்டும். இடம் மாறினால் 'அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்' வரும், ஏனென்றால் உபுண்டுவின் இணைப்பான் அதுவரை யாரும் கேட்காத லைப்ரரியைத் தூக்கி எறிந்துவிடும்.

உருவான ஏ.அவுற்றை ஓட்டுங்கள். 10507 என்று வரவேண்டும்: 1 ஐப் பத்தாயிரத்தாலும் 5 ஐ நூறாலும் பெருக்கி 7 ஐக் கூட்டிய எண். 22.04 இல் பலருக்கு வருவது 10408. கட்டும்போது புதிய தலைப்புக் கோப்பைப் பார்த்த நிரல், ஓடும்போது கணினியோடு வந்த பழைய 1.4.8 ஐப் போய்ப் பிடித்துவிட்டது. பெரிய எல் விருப்பம் கட்டும் நேரத்துக்கு மட்டுமே வழிகாட்டும், ஓடும் நேரத்துக்கு அல்ல. 'எல்டிடி ஏ.அவுற்' போட்டால் எந்தப் பிரதி என்று முழுப் பாதையோடு தெரியும். மேலே தந்த வரியின் முடிவில் இதைச் சேர்த்து மறுபடி கட்டுங்கள்:

-டபிள்யூஎல்,-ஆர்பாத்,$ஹோம்/.லோக்கல்/லிப்

டபிள்யூ பெரிது, எல் சிறிது, காற்புள்ளிகளுக்குப் பின் இடைவெளி இல்லை. இப்போது பாதை நிரலுக்குள்ளேயே எழுதப்பட்டுவிடும். எல்டி_லைப்ரரி_பாத் என்ற சூழல் மாறியைப் பாவிக்கச் சொல்லிப் பலர் எழுதுவார்கள். ஒரு சோதனைக்குச் சரி. அதை நிரந்தரமாகத் தொடக்கக் கோப்பில் போட்டால், அந்த ரெர்மினலிலிருந்து ஓடும் மற்ற நிரல்களும் உங்கள் பிரதியைப் பிடிக்கும். எதைத் தவிர்க்க ஹோமுக்குள் நிறுவினோமோ அதுவே பின்கதவால் வந்துவிடும்.

எதைச் சுருக்குவது

ஒன்றும் சொல்லாவிட்டால் மட்டம் 3. பெரும்பாலான வேலைக்கு அது போதும். 19 வரை சாதாரணமாகப் போகலாம். சுருக்க நேரம் நன்றாகக் கூடும், ஆனால் விரிக்கும் வேகம் பெரிதாகக் குறையாது. ஒருமுறை சுருக்கிப் பலமுறை திறக்கும் கோப்புகளுக்கு 19 பொருத்தம். 22 வேண்டாம்: பெரிய கோப்புகளில் திரும்ப வருவதைத் தேட அது 128 எம்.பி. சாளரம் பிடிக்கும், திறப்பவரின் கணினியிலும் அவ்வளவு நினைவகம் வேண்டும். '-ரி0' (பெரிய ரி, சுழியம்) எல்லாக் கோரையும் வேலைக்கு எடுக்கும்.

கலியாணவீட்டுப் படங்களைச் சுருக்கிப் பார்த்து ஏமாறாதீர்கள். ஜேபெக், எம்பி4 எல்லாம் ஏற்கெனவே சுருக்கப்பட்டவை, இதில் ஒன்றும் குறையாது. தமிழ்க் கட்டுரைகளோ நேர்மாறு. யுனிகோட் தமிழில் ஒவ்வொரு குறியும் யூரிஎஃப்-8 இல் மூன்று பைற் எடுக்கும். 'யாழ்ப்பாணம்' என்ற ஆறு எழுத்துச் சொல் 11 குறிகள், 33 பைற். ஆனால் அந்த மூன்றில் முதல் பைற் எப்போதும் 224, இரண்டாவது 174 அல்லது 175. உண்மையான தகவல் பெரும்பாலும் மூன்றாவதில்தான் இருக்கிறது, மற்றவை திரும்பத் திரும்ப வரும் பதர். சுருக்கி அதைத்தான் முதலில் புடைத்து எறியும். பாமினி எழுத்துருவில் கிடந்த பழைய கோப்புகளை யுனிகோடுக்கு மாற்றியதும் அளவு ஊதிவிட்டதே என்று கவலைப்படுபவர்கள், இரண்டையும் சுருக்கிவிட்டு ஒப்பிட்டுப் பாருங்கள். அந்த இடைவெளியின் பெரும்பகுதி காணாமல் போயிருக்கும்.

ஜிஇசிப்பைப் போலன்றி இது மூலக் கோப்பைத் தானாக அழிக்காது. அழிக்கச் சொல்லும் '--ஆர்எம்' விருப்பத்தைத் தொட முதல், சுருங்கிய கோப்பை 'இசட்எஸ்ரிடி -ரி' (இந்தமுறை சின்ன ரி) போட்டுச் சோதியுங்கள்.

கழற்றுவது

வேண்டாம் என்றால் அதே மூலநிரல் போல்டருக்குள் நின்று, நிறுவியபோது கொடுத்த அதே பிரிஃபிக்ஸோடு, கடைசிச் சொல்லை மட்டும் 'அன்இன்ஸ்ரோல்' என்று மாற்றித் தட்டுங்கள். அதனால்தான் நிறுவி முடிந்ததும் அந்தப் போல்டரை அழிக்கவேண்டாம். இடம் பற்றாவிட்டால் உள்ளே 'மேக் க்ளீன்' அடித்துவிட்டு அப்படியே கிடக்க விடுங்கள். ஏற்கெனவே அழித்துவிட்டீர்களா? அதே 1.5.7 ஐ மறுபடி இறக்கிப் பிரித்து, கட்டாமலே அந்த வரியைத் தட்டினாலும் வேலை நடக்கும்.